மலையூர்ச் சாலை மரங்கள்: எமரால்டுப் பகுதியில் நடவும் பராமரிப்பும்

நீலகிரி ஜில்லாவில், உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, கடல் மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது எமரால்டு. தேயிலையும், உருளைக்கிழங்கு, காரட் முதலிய மலைக் காய்கறிகளும் இப்பகுதியின் செல்வமாகும். விளைந்த பொருள் சந்தை சேர்வதற்கும், நோயாளி ஆஸ்பத்திரியை அடைவதற்கும், பிள்ளைகள் கல்விச்சாலைக்குச் செல்வதற்கும் மலைச்சாலை ஒன்றே வழி. அச்சாலைகளின் ஓரங்களில் கற்பூர மரமும், சீகை மரமும், சைப்ரஸ் மரமும் ஓங்கி நிற்கின்றன. காற்றுமழைக் காலத்தில் இவற்றுள் ஒன்று குறுக்கே சாயுமாயின் போக்குவரத்து நின்றுவிடும்; மின்கம்பி அறும்; பறித்த காரட் மூட்டையிலேயே அழுகும்; சில வேளைகளில் ஆளுயிருக்கும் சேதம் நேரும்.

2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இவ்வச்சம் உச்சநிலையை அடைந்தது. எமரால்டுக்கு அடுத்துள்ள அவலாஞ்சியில் ஆகஸ்டு 8ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் 82 சென்டிமீட்டரும், மறுநாட் காலையோடு முடிந்த ஒரு நாளில் 91 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. தமிழ்நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறத்தாழ இவ்விரண்டாம் நாளின் அளவே என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். பல இடங்களில் மண் சரிந்தது, மரங்கள் வேரோடு வீழ்ந்தன, சாலைகள் அடைபட்டன. இத்தகைய மழைக்குப் பின் மலையூர்களில் இருவகைப் பேச்சு எழுவது இயல்பு. சாலையோரத்து மரங்கள் யாவற்றையும் வெட்டிவிட்டால் தொல்லை தீரும் என்பர் ஒரு சாரார். மரத்தின் மேல் அரிவாள் படவே கூடாது என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை பாதியே உள்ளது. மீதிப் பாதி, எந்த மரத்தை எங்கே நட்டோம், அதன் இளமையில் என்ன செய்தோம், அதன் வேரை என்ன செய்தோம் என்னும் மூன்று வினாக்களில் அடங்கியிருக்கிறது.

இம்மரங்கள் வந்த வரலாறு

நீலகிரியின் மேற்குப் பீடபூமி பண்டைக்காலத்தில் பெரும்பாலும் புல்வெளியாகவே இருந்தது. குன்றுகளின் மடிப்புகளிலும், நீரூற்றுகளின் அருகிலும் மட்டுமே சோலைக்காடுகள் அடர்ந்திருந்தன. 1820ஆம் வருஷங்களில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் குடியேற்றம் ஏற்படுத்திய பின்னர், குளிர்காயவும் சமைக்கவும் விறகு மிகுதியாகத் தேவைப்பட்டது. அருகிலிருந்த சோலைகள் வெட்டுண்டன. அக்குறையை ஈடு செய்வதற்காகவே விரைந்து வளரும் ஆஸ்திரேலிய மரங்கள் தருவிக்கப்பட்டன. காப்டன் காட்டன் என்பவர் 1843ஆம் வருஷத்தில் கற்பூர மரத்தை இம்மலைக்குக் கொண்டுவந்தார். சீகை இனங்களும் அக்காலத்தையொட்டியே வந்து பரவின. 1848ஆம் வருஷத்தில் உதகைத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற மக்கைவர் காலத்திலும், அதற்குப் பின்னும் பற்பல அயல்நாட்டு மரங்கள் இங்கே பழக்கப்படுத்தப்பட்டன.

இம்மரங்கள் விறகுக்கும், எண்ணெய்க்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், காற்றுத் தடுப்பிற்கும் பயன்பட்டமையை மறுப்பார் இல்லை. நீலகிரித் தைலம் இன்றும் மலையின் பெயரைச் சுமந்து ஊர் ஊராகச் செல்கிறது. பின்னர் 1950, 1960ஆம் வருஷங்களில் கனடா தேசத்தின் உதவியோடு குந்தா மின்சாரத் திட்டம் நிறைவேறி, எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்கள் எழுந்தன. சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. இவ்வாறு, கூட்டமாகக் காட்டில் நின்று இளமையிலேயே வெட்டப்பட வேண்டிய மரம், வீதியோரத்தில் தனித்து நின்று முதுமையடையும் நிலை உண்டாயிற்று. 100 அடிக்கு மேல் வளரவல்ல கற்பூர மரம் 20 அடி அகலமுள்ள சாலையின் விளிம்பில் நிற்பதே இன்றைய இடரின் தோற்றுவாய் ஆகும்.

மரம் வீழ்வதற்குக் காரணங்கள்

காற்றும் மழையும் மரத்தை வீழ்த்துகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும் காரணம். ஆனால் ஒரே காற்றில் ஒரு மரம் வீழ, அடுத்த மரம் நிற்பதைக் காண்கிறோம். ஆதலின் உட்காரணங்களை ஆராய்தல் அவசியம்.

முதலாவது, வேர் அறுபடுதல். சாலையை அகலப்படுத்தவும், குடிநீர்க் குழாய் பதிக்கவும், கழிவுநீர்க் கால்வாய் தோண்டவும் மண்வாரி இயந்திரம் மரத்தடியை ஒட்டிச் செல்கிறது. மரத்தைத் தாங்கும் வேர்களுள் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள் பக்கவாட்டில் ஓடுபவை. ஒரு பக்கத்து வேரை முற்றிலும் வெட்டினால் கூடாரத்தின் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்ததற்கு ஒப்பாகும். அன்றே விழாது, இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து, வெட்டுவாய் அழுகிய பின் விழும். அப்போது வேர் வெட்டியதை எவரும் நினைப்பதில்லை. பழி மரத்தின் மேல் ஏறும்.

இரண்டாவது, நீர் தேங்குதல். கால்வாய் அடைபட்டு மரத்தடி சேறாகும்போது மண் வேரைப் பற்றும் வலிமையை இழக்கிறது. மூன்றாவது, கூட்டத்திலிருந்து தனித்து விடப்படுதல். தோப்பின் நடுவே நெருக்கமாக வளர்ந்த மரம் மெலிந்து உயர்ந்திருக்கும். அயலிலுள்ளவற்றை வெட்டிவிட்டால், பழக்கமில்லாத காற்றை அது திடீரென்று எதிர்கொள்ள நேரிடுகிறது. நான்காவது, மொட்டையடித்தல். தலையை வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பட்டையோரத்தில் மட்டுமே ஒட்டியிருப்பதால் எளிதிற் பிளக்கின்றன. ஐந்தாவது, அடிமரத்தில் குப்பை கொளுத்துதலும், சிமெண்டுப் பூச்சால் கழுத்தை நெரித்தலும் ஆகும்.

சமவெளி நகரங்களும் இதே பாடத்தைக் கற்றுள்ளன. 2016ஆம் வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான வீதி மரங்கள் சாய்ந்தன. நடைபாதையின் கற்களுக்கிடையே வேர் பரப்ப இடமின்றி நின்றவையும், அழகிற்காக நடப்பட்ட மெல்லிய மரமுடைய அயலினங்களும் அவற்றுள் மிகுதி. வீதி மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை அகற்ற வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் வருஷத்தில் தில்லி நகருக்கு உத்தரவிட்டதும் இக்கருத்தைப் பற்றியதே.

எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் என்ன?

வெட்டியவுடன் சாலை வெளிச்சமாகவும் அச்சமற்றும் தோன்றும். ஆனால் வெட்டுண்ட மரத்தின் வேர் சில வருஷங்களில் மக்கிவிடும். அதுவரை மண்ணைப் பின்னிப் பிடித்திருந்த வலை அறுந்து, சரிவின் மேல்மண் இளகும். வேறு மரமோ புதரோ அதற்குள் வேரூன்றவில்லையாயின், மரம் விழுந்த இடத்தில் மண்ணே விழும். வழிந்த மண் ஓடைகளின் வழியே நீர்த்தேக்கத்தையும் அடையும். 2009ஆம் வருஷம் நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகளில் 40க்கு மேற்பட்டோர் மாண்டதை இம்மலை மறக்கவில்லை.

இங்கு ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. மரவேர் மேல்மண்ணைத்தான் காக்கும். பாறைக்கும் மண்ணுக்கும் இடையே ஆழத்தில் நிகழும் பெருஞ்சரிவை மரம் தடுக்க இயலாது. அதற்கு நீர் வடியும் வழியே மருந்து. மேலும், செங்குத்தாக வெட்டப்பட்ட மேட்டின் விளிம்பில், வேரில் பாதி வெளியே தொங்க நிற்கும் கனத்த மரம் சரிவைக் காப்பதற்கு மாறாக அதைக் கீழே இழுக்கும். அத்தகையவற்றை அகற்றுவதே அறிவுடைமை. ஆனால் மலைப்பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் வருஷம் முதல் இந்த ஜில்லாவில் அமலில் இருப்பதால், சொந்த நிலத்திலுள்ள மரமாயினும் உரிய கமிட்டியின் அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும். ஆபத்தான மரத்தைக் கண்டவர்கள் அதன் இடத்தையும் நிலையையும் குறித்து, வருவாய் இலாகாவுக்கும் வன இலாகாவுக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, மழைக்கு முன்னரே உத்தரவு பெறுதல் வேண்டும். மழை தொடங்கியபின் ஓடுவதிற் பயனில்லை.

மலையில் வீதி மரத்தின் நோக்கம் வேறு

அசோகச் சக்கரவர்த்தி பெருவழிகளில் ஆலமரம் நடுவித்ததும், மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளில் மரம் வைத்ததும் வழிப்போக்கருக்கு நிழல் தரும் பொருட்டாகும். வெயில் கொளுத்தும் சமவெளிக்கு அது பெருந்தருமம். எமரால்டு போன்ற குளிர்ந்த ஊருக்கோ நிழல் முதல் தேவையன்று. குளிர்காலத்தில் வெயில் படாத சாலை ஈரம் உலராமல் பாசி பிடிக்கும், வண்டி சறுக்கும், உறைபனி உருகத் தாமதமாகும், வீட்டுச் சுவர் ஈரம் கசியும். மார்கழி மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், 60 அடி உயரமுள்ள மரத்தின் நிழல் நண்பகலிற்கூட வடக்கே சுமார் 40 அடி தூரம் விழும். ஆகவே வீட்டிற்கும் பள்ளிக்கும் சாலைக்கும் தென்புறத்தை ஒட்டி உயர்ந்த பசுமை மாறா மரங்களை நடுதல் தவறு.

மலைவீதியில் மரம் நடுவதற்குரிய நோக்கங்கள் மண்ணைப் பிடித்தல், காற்றின் வேகத்தைத் தணித்தல், பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் உணவளித்தல், ஊருக்கு அழகு தருதல் ஆகிய நான்கே. இந்நான்கிற்கும் வானளாவிய மரம் வேண்டுவதில்லை. 20 முதல் 40 அடி வரை வளர்வதே போதும்.

எவ்விடத்தில் எம்மரம்?

கடைவீதி: இங்கு இடம் குறுகியது, தலைக்கு மேல் மின்கம்பி செல்கிறது. 15 அடிக்கு மேற்படாத சிறுமரங்களே தகும். மலைப்புல்வெளியில் தானே வளரும் காட்டுப்பூவரசு இதற்கு மிகவும் ஏற்றது. பனியையும் வெயிலையும் காற்றையும் தாங்கும், மெதுவாக வளரும், குளிர்காலத்தில் செந்நிறப் பூங்கொத்துகளால் நிறையும். உதகையில் பலகாலம் பழகிவிட்ட பாட்டில் பிரஷ் என்னும் செந்தூரிகைப் பூமரமும் ஆகும்.

சாலையின் பள்ளப்புறம்: தடுப்புச்சுவருக்கு வெளியே, இடம் தாராளமாயுள்ள பகுதிகளில் சோலை இனங்களாகிய மலை நாவல், காட்டுச் செண்பகம், விக்கி, காட்டுப்பட்டை முதலியவற்றைக் கலந்து நடலாம். ஒரே இனத்தை நெடுக நட்டால், ஒரு நோய் வந்தபோது வரிசை முழுதும் போய்விடும். தடுப்புச்சுவரின் மேலும், அதற்கு 6 அடிக்குள்ளும் நடுதல் கூடாது; வேர் தடித்துச் சுவரைப் பிளக்கும்.

சாலையின் மேட்டுப்புறம்: வெட்டிய சரிவின் முகத்திலும் உச்சியின் விளிம்பிலும் மரம் வேண்டா. புல், பெரணி, மலையிற் பழகிய புதர்கள் ஆகியவையே அங்கு மண்ணை இறுகப் பற்றும். விளிம்பிலிருந்து 15 அடி உள்ளே தள்ளியே மரம் நடுக.

வளைவுகள்: வளைவின் உட்புறத்தில் எதிரே வரும் வண்டி தெரியும்படி 50 அடி தூரம் வெறுமையாக விடவேண்டும்.

கற்பூர மரத்தையும் சீகையையும் புதிதாகச் சாலையோரத்தில் நடுதல் வேண்டா. தேயிலைத் தோட்டத்தில் நிழல் தரும் சில்வர் ஓக்கின் கிளையும் காற்றில் முறியும் தன்மையுடையது. அது தோட்டத்திற்கு ஏற்றதேயன்றி வீதிக்கு ஏற்றதன்று. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் நீலப்பூச் சொரியும் ஜாகரண்டாவைக் கண்டு ஆசைப்படுவோர், எமரால்டின் உறைபனி அதன் இளங்கன்றைக் கருக்கிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

விதையும் கன்றும்

சோலை மரங்களின் விதை நெல்லைப்போல் சேமித்து வைக்கத்தக்கதன்று. நாவலின் விதை உலர்ந்தால் உயிரிழக்கும். பழம் உதிர்ந்த சில நாட்களுக்குள் விதைத்தல் வேண்டும். செண்பக விதையும் எண்ணெய்ப் பசையுள்ளதாதலால் விரைவிற் கெடும். விக்கியின் கொட்டை கடினமானது. முளைப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். பொறுமையற்றவர்கள் முளைக்கவில்லையென்று பாத்தியைக் கொத்திவிடுதல் உண்டு.

வீதிக்கு நடும் கன்று இரண்டு வருஷமாவது நாற்றங்காலில் வளர்ந்து, 2 முதல் 3 அடி உயரமுள்ளதாயிருத்தல் நலம். பையின் அடியில் வேர் சுருண்டு கிடக்கும் கன்றை விலக்குக. சுருண்ட வேர் மண்ணிற் சென்றபின்னும் சுருண்டே தடித்து, பல வருஷங்கழித்து மரத்தைச் சாய்க்கும். நல்ல கன்றுக்கு உயரத்தைவிடத் தண்டின் பருமனே அடையாளம்.

குழியும் நடவும்

ஏப்ரல் மாதத்திலேயே 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள குழிகளை எடுத்து ஆறவிட வேண்டும். சிறுமரங்களுக்கு 20 அடியும், மற்றவற்றிற்கு 30 அடியும் இடைவெளி விடுக. மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, மேல்மண்ணுடன் இலைமக்கும் நன்கு மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புக. உருளைக்கிழங்கு வயலுக்கு இடுவதுபோல் இங்குச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியதில்லை. சோலை மரங்கள் மலையின் புளிப்பு மண்ணுக்கே பழகியவை. கட்டிடம் இடித்த காரையையும் செங்கற் பொடியையும் குழியிற் கொட்டுதல் கன்றுக்குத் தீங்கு.

ஜூன் மாதத்தில் முதல் மழை மண்ணை நனைத்தவுடன் நடலாம். மேற்கு முகமாகக் காற்று நேரே மோதும் இடங்களில் காற்றின் கடுமை தணியும் செப்டம்பர் மாதத்தில் நடுவது மேல். நாற்றங்காலில் மண் எம்மட்டத்தில் இருந்ததோ அம்மட்டத்திலேயே நிற்கும்படி நட்டு, காலால் மெல்ல மிதித்து இறுக்குக. சரிவான இடத்தில் கன்றின் கீழ்ப்புறம் அரைவட்டமாக வரப்பு வைத்தால் மழைநீர் தங்கிச் சுவறும்; ஆனால் மழைமிகும் மாதங்களில் அவ்வரப்பில் ஒரு வடிகால் திறந்திருத்தல் வேண்டும்.

கன்றின் இருபுறமும் முட்டுக்கோல் ஊன்றி, கோணிச்சாக்குத் துண்டால் எட்டின் வடிவாகத் தளர்த்திக் கட்டுக. தண்டு சிறிது அசைந்தால்தான் தடிக்கும். இரண்டாம் வருஷ முடிவில் கோலையும் கட்டையும் அகற்றிவிட வேண்டும். மறந்து விட்ட கட்டு, தண்டை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்துபோகும்.

முதல் ஐந்து வருஷங்கள்

நடுவிழாவிற்கு வரும் கூட்டம் நீர் விடுவதற்கு வருவதில்லை. மரக்கன்றுகள் மடிவது பெரும்பாலும் முதல் இரண்டு கோடைகளிலேயே. ஜனவரி முதல் மார்ச்சு வரை 12 வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை கன்றுக்கு 10 லிட்டர் வீதம் 100 கன்றுகளுக்குக் கணக்கிட்டால், மொத்தம் 12,000 லிட்டர் நீர் தேவை. இந்நீர் எங்கிருந்து, யாரால், எவ்வாறு வரும் என்பதை முடிவு செய்த பின்னரே குழி எத்தனை என்று முடிவு செய்க. 100 நட்டு 20 பிழைப்பதைவிட, 30 நட்டு 30ஐயும் வளர்ப்பதே ஊருக்கு லாபம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். குளிர்ந்த காற்று நீர்போல் பள்ளத்தில் வந்து தேங்குமாதலால், தாழ்வான இடங்களிலுள்ள கன்றுகளுக்கே சேதம் அதிகம். காய்ந்த புல்லாலும் பெரணித் தழையாலும் கூரைபோல் மூடி, கிழக்குப் பக்கம் திறந்து விடுக. சோலை இனங்கள் பெருமரங்களின் நிழலில் முளைத்து வளர்பவையாதலால் முதலிரண்டு வருஷம் இம்மூடாக்கு இன்றியமையாதது. தண்டைச் சுற்றி மூன்றடி விட்டத்திற்கு இலைதழை பரப்பினால் ஈரம் காக்கும். ஆனால் தழை தண்டைத் தொடாதிருக்க நாலங்குலம் விலக்கி இடுக.

ஆடுமாடுகளோடு காட்டெருமையும் ஊருக்குள் வருமாதலால், மூங்கிற்கூண்டோ கம்பிவலையோ அவசியம். மூன்றாம் வருஷம் முதல் கவாத்துத் தொடங்கலாம். தலைக்கொழுந்து ஒன்றே நிற்கும்படி போட்டிக் கொழுந்தை நீக்குக. ஒரே இடத்தினின்று குறுகிய கவையாகப் பிரியும் இரு கிளைகளுள் ஒன்றை விரலளவு பருமனாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். கத்தரிக்கோலால் ஒரு நொடியில் முடியும் இவ்வேலையைத் தவறவிட்டால், முப்பது வருஷம் கழித்துக் கயிறும் வாளும் ஏறும் ஆளும் தேவைப்படும்.

வளர்ந்த மரங்களின் பரிசோதனை

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல், மே மாதங்களில் சாலை மரங்களைச் சுற்றி வந்து பார்த்தல் வேண்டும். கீழ்க்கண்ட அறிகுறிகளுள் ஒன்று காணினும் இலாகாவுக்குத் தெரிவிக்கத் தக்கதாம்:

1. மரம் முன்பைவிடச் சாய்ந்திருத்தலும், சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்து எழும்பியிருத்தலும். இது உடனடி அபாயக் குறி.
2. அடிமரத்திலோ வேரிலோ காளான் தோன்றுதல்.
3. தட்டினால் உள்ளே பொள்ளலான ஓசை எழுதல்.
4. உச்சி பட்டுப்போதல், இலை ஒரு பக்கம் மட்டும் மெலிதல்.
5. கவையிற் பிளவு, முறிந்து தொங்கும் கிளை.
6. அண்மையில் மண் வெட்டப்பட்ட தடம்.

கனத்த கிளையை நீக்கும்போது மூன்று வெட்டு முறையைக் கையாள்க. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறமாக மூன்றிலொரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் கிளை விழும். மீந்த கட்டையைக் கிளைக்கழுத்தின் புடைப்பைச் சேதப்படுத்தாமல் அதன் வெளிவிளிம்பில் அறுக்கவேண்டும். வெட்டுவாயில் தாரும் சாணமும் பூசும் வழக்கம் வேண்டுவதில்லை. உயிருள்ள மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

பழைய சீகை வரிசைகளை உத்தரவு பெற்று நீக்கும்போது ஒரேயடியாக வெட்டாமல் பகுதி பகுதியாக நீக்கி, நீக்கிய இடத்தில் உடனே மாற்று மரமும் புதரும் நட்டு வருதல் முறை. சீகையின் விதை மண்ணுள் பல்லாண்டு உயிரோடிருக்கும். வெளிச்சம் பட்டவுடன் ஆயிரமாயிரமாக முளைக்கும். வருஷந்தோறும் மழை ஈரத்தில் அவற்றைக் கையாற் பிடுங்கிவர வேண்டும். கற்பூர மரத்தின் அடிக்கட்டையும் துளிர்க்குமாதலால் அதன் துளிர்களை இடைவிடாது ஒடித்து வருக.

குடியானவர்கள் கூறும் குறைகள்

சாலை மரத்தின் நிழலாலும் வேராலும் ஓரத்துப் பாத்தியில் காரட் சிறுக்கிறது என்பது குடியானவர்களின் குறை. அது மெய்யே; குறிப்பாகக் கற்பூர மரம் நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆனால் இதற்குப் பரிகாரமாக வயல் ஓரத்தில் ஆழமாகப் பள்ளம் வெட்டி வேரை அறுப்பதும், இரவில் அடிப்பட்டையை வளையமாகச் செதுக்குவதும் மிகப் பெரிய ஆபத்து. அம்மரம் பட்டு விழும் நாள் யாருக்கும் தெரியாது. வெட்டியவருடைய பிள்ளை பள்ளி செல்லும் வண்டியின் மேலேயே விழவுங்கூடும். தாழ்ந்த கிளைகளை முறைப்படி நீக்கச் செய்து, ஓரத்தில் பத்தடியைத் தீவனப்புல்லுக்கு விடுதல் நஷ்டத்தைக் குறைக்கும் வழியாகும். வருங்காலத்தில் அங்குச் சிறுமரங்களே நடப்படுமாயின் இக்குறையும் தீரும்.

பொறுப்பு யாருடையது?

சாலை நெடுஞ்சாலை இலாகாவினுடையது; கம்பி மின்வாரியத்தினுடையது; குழாய் பஞ்சாயத்தினுடையது. மூவரும் மரத்தடியில் தோண்டுகின்றனர். மரமோ ஒருவருடைய கணக்கிலும் முழுமையாக இல்லை. ஆதலால் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு மரக் கணக்குப் புத்தகம் ஏற்படுத்துவது முதற்காரியம். ஒவ்வொரு மரத்திற்கும் எண் கொடுத்து, இனம், பருமன், நிலை, கடைசியாகப் பார்த்த தேதி ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். 200 மரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தோண்டுவதற்கு முன் அப்புத்தகத்தைப் பார்த்து, அடிமரத்தின் விட்டத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தூரம் மரத்தைச் சுற்றி விலகித் தோண்டுவதென்று எல்லோரும் உடன்பட்டால், வீழும் மரங்களின் தொகை வெகுவாகக் குறையும். விலக இடமில்லாவிடில் வேரை வெட்டாமல் அதன் அடியில் கையாற் குடைந்து குழாயைச் செலுத்தலாம்.

கடைவீதியில் கடைக்கு ஒரு கன்று என்றும், பள்ளிக்கருகில் வகுப்பிற்கு ஒரு கன்று என்றும் நீர் விடும் பொறுப்பைப் பங்கிடலாம். சிறுகடைக்காரருக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் பெரும் பாரமன்று. இளைஞர் சங்கங்கள் முட்டுக்கோல் அகற்றுதல், சீகை நாற்றுப் பிடுங்குதல், மழைக்கு முன் கால்வாய் திறத்தல் ஆகியவற்றை ஏற்கலாம். கால்வாயில் அடைபட்ட பிளாஸ்டிக் குப்பையை எடுப்பதும் மரத்தைக் காப்பதே என்பதை அவர்கள் அறியவேண்டும்.

வருஷ வேலைக் குறிப்பு

ஏப்ரல், மே: மரங்களைப் பரிசோதித்தல், ஆபத்தானவற்றைத் தெரிவித்தல், குழி எடுத்தல், கால்வாய் திறத்தல்.
ஜூன்: நடவு.
ஜூலை, ஆகஸ்டு: சாய்ந்த கன்றை நிமிர்த்தல், தேங்கும் நீரை வடித்தல்.
செப்டம்பர், அக்டோபர்: காற்று முகத்து நடவு, களை எடுத்தல், சீகை நாற்றுப் பிடுங்குதல்.
நவம்பர்: தழை பரப்புதல், பனி மூடாக்குக்குப் புல் சேர்த்தல்.
டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: பனிக்காப்பு, ஜனவரி முதல் வாராந்தர நீர்.
மார்ச்சு: நீர் விடுதல், இளமரங்களின் கவாத்து, பட்டுப்போன கன்றுகளைக் கணக்கெடுத்தல்.

எமரால்டுச் சாலையில் மரங்கள் வேண்டுமா வேண்டாவா என்பது கேள்வியன்று. இன்று நிற்பவற்றுள் எது ஆபத்து, எது காவல் என்று பிரித்தறிந்து, ஆபத்தானதை மழைக்கு முன் சட்டப்படி அகற்றி, காவலானதன் வேரைத் தொடாது விட்டு, காலியான இடத்தில் இடத்துக்கேற்ற சிறுமரத்தை நட்டு ஐந்து வருஷம் பாதுகாப்பதே செய்யத்தக்கது. வரும் ஏப்ரல் மாதத்தில் ஊரார் ஒருநாள் கூடி, கடைவீதி முதல் ஊரெல்லை வரை நடந்து, மேற்கண்ட ஆறு அறிகுறிகளைக் கொண்டு மரங்களைக் கணக்கெடுத்து எழுதுவார்களாயின், அடுத்த பெருமழைக்குள் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.